புலப்படத்தில் இருக்கும் வண்டிப்பாதை தரையிலும் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் மலைப்பாங்கான நாட்டுப்புறத்தில் கிராவல் சைக்கிள் ஓட்டும் பாதைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சைக்கிளின் எடை, டயரின் அகலம், கியர்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் விளக்கமாக எழுதிய கட்டுரையாளர், அந்தப் பாதைகள் யாருடைய நிலத்தின் வழியாகப் போகின்றன, ஊர் பேர் தெரியாத ஒருவருக்கு அவற்றில் போகும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதைத் தொடாமலே முடித்துவிட்டார். திருநெல்வேலிச் சீமையில் முப்பத்தைந்து ஆண்டுகள் நில அளவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டெர்பி நகரில் வேலையில் இருக்கும் மகன் வீட்டில் கடந்த ஆண்டு மூன்று மாதம் தங்கி, அந்தப் பாதைகளில் நானும் சைக்கிள் மிதித்திருக்கிறேன். விடுபட்ட அந்தப் பகுதிதான் நம் மாவட்டத்துக்கு மிகவும் வேண்டியது என்பதால் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் கிராவல் என்றால் ரோட்டுக்கு அடியில் விரிக்க லாரியில் வந்து இறங்கும் செம்மண் சரள். அங்கே தார் போடாத, கல்லும் சரளும் மண்ணுமாகக் கிடக்கும் எல்லாப் பாதைகளையும் அந்தப் பெயரால் சொல்கிறார்கள். அவற்றில் ஓட்டும் சைக்கிள், பந்தய சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில்பார் உடையது. டயர் மட்டும் 40 மில்லிமீட்டரை ஒட்டிய அகலம், மேட்டில் மிதிக்க இளகிய கியர், மழையிலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக். இந்தப் பெயர் வழக்குக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே, 1955-இல், லெம்ஸ்டர் என்ற சிற்றூரில் ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப் என்ற சங்கத்தைத் தொடங்கிச் சாதாரண சைக்கிள்களிலேயே இத்தகைய பாதைகளில் சுற்றியவர்கள் அந்த நாட்டவர். ஆகவே சைக்கிளை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பாதைக்கு வருகிறேன்.

டெர்பிக்கு வடமேற்கே தொடங்குகிறது பீக் டிஸ்ட்ரிக்ட் என்னும் மலைநாடு. 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதுதான். நாங்கள் முதலில் போனது டிஸிங்டன் பாதையில். ஆஷ்பர்ன் என்ற ஊரிலிருந்து பார்ஸ்லி ஹே வரை ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளம். 1960-களில் மூடப்பட்ட ரயில் பாதையின் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்தத் தடத்தை விற்காமல், வேலி போட்டு அடைக்காமல், பொடிக்கல் பரப்பி மக்களுக்கு விட்டிருக்கிறார்கள். பார்ஸ்லி ஹேயில் அதனோடு ஹை பீக் பாதை வந்து சேர்கிறது. அதுவும் பழைய ரயில் தடமே. மலைக்கு இரு புறமும் இருந்த இரண்டு கால்வாய்களை இணைப்பதற்காகக் கட்டப்பட்டு 1831-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. செங்குத்தான சரிவுகளில் நீராவி எந்திரத்தை மேலே நிறுத்திக் கயிறு கட்டி வேகன்களை இழுத்தார்களாம். குரோம்ஃபர்டு பக்கமிருந்து வந்தால் ஹாப்டன் என்ற இடத்தில் 14 அடிக்கு 1 அடி ஏற்றம். மகன் மிதித்தே ஏறினான். நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். மேலே போனதும் சுண்ணாம்புக் கல்லை அடுக்கிய சாந்தில்லாத மதில்கள், அவற்றுக்கு இடையே பச்சைப் புல்வெளி, அதில் செம்மறி ஆடுகள். கண்ணுக்கு எட்டிய வரை அதுதான்.

ரயில் தடங்களைவிட என்னை ஈர்த்தவை அவற்றுக்கும் முந்திய பாதைகள். செஷயர் உப்பைக் குதிரைகளின் முதுகில் பொதியாக ஏற்றி இந்த மலைகளைத் தாண்டிக் கிழக்கே கொண்டுபோன பொதிக்குதிரைத் தடங்கள் இன்றும் பாதைகளாகவே இருக்கின்றன. பாவிய கற்கள் குளம்பு பட்டுப் பட்டு நடுவில் குழிந்திருக்கும். மழை பெய்தால் அந்தக் குழிகளில் நீர் நிற்கும். ஷெஃபீல்டுக்குத் தென்மேற்கே ஹவுண்ட்கர்க் ரோடு என்ற பதினெட்டாம் நூற்றாண்டுச் சுங்கச்சாலை தார் பூசப்படாமல், பழைய மைல்கற்களோடு அப்படியே காட்டுவெளியைக் கடந்து போகிறது. கடற்கரை உப்பு பொதிமாடுகளிலும் மாட்டுவண்டிகளிலும் மேற்கு மலையடிவாரத்துக்கு வந்த தடங்கள் நம்மிடமும் இருந்தன என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அவற்றில் எத்தனையை இன்று ஒருவர் தடையில்லாமல் நடந்து கடக்க முடியும் என்ற எண்ணம் அந்தக் கற்களின் மேல் சைக்கிளை உருட்டியபோதெல்லாம் வந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு காலை டெர்பிக்குத் தெற்கே சமவெளியில் போய்க்கொண்டிருந்தோம். பாதை ஒரு கோதுமை வயலின் கதவில் வந்து நின்றது. கதவைத் திறக்கும் இரும்புக் கைப்பிடி நெஞ்சு உயரத்துக்கு நீண்டு நின்றது. குதிரை மேல் வருபவர் இறங்காமலே எட்டிப் பிடிப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். கதவுக் கம்பத்தில் உள்ளங்கை அளவில் ஒரு வட்டத் தகடு, அதில் ஒரு நீல அம்பு. மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் நடப்பவர், குதிரை, சைக்கிள் மூன்றுக்கும். கருஞ்சிவப்பு கலந்த ஊதா என்றால் குதிரை வண்டி போன்ற, எஞ்சின் இல்லாத வண்டிகளும் போகலாம். சிவப்பு என்றால் மோட்டார் வண்டி உட்பட எல்லாம். கதவுக்கு அப்பால் தொடையளவு நின்ற பயிரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு பாதை எதிர்க்கரை வரை கோடு போட்டது போலப் போயிற்று. தொழில் பழக்கத்தில் சைக்கிளைக் கதவில் சாத்திவிட்டு அடிவைத்து அளந்தேன். ஆறரை அடி இருந்தது. வயலுக்குக் குறுக்கே போகும் நீல அம்புப் பாதைக்குச் சட்டம் விதித்திருக்கும் குறைந்த அகலம் 2 மீட்டர் என்று மகன் சொன்னான். வயலின் கோடியில் டிராக்டரில் இருந்தவர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பிறகு தம் வேலையைப் பார்த்தார். யார் நீங்கள், எந்த ஊர், எதற்கு இந்தப் பக்கம் என்ற கேள்வி அவரிடமிருந்து வரவில்லை. அந்த நிலம் அவருடையது. அதில் போகும் உரிமை எல்லோருடையது. இரண்டும் ஒரே மண்ணில் சண்டையில்லாமல் இருப்பதை என் பணிக்காலம் முழுவதிலும் நான் அதிகம் பார்த்ததில்லை.

இது தானாக வந்ததும் இல்லை. 1932 ஏப்ரல் 24 அன்று, நிலப்பிரபுக்கள் அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் கூட்டமாக ஏறினார்கள். அவர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் வந்த சட்டம், ஒவ்வொரு மாவட்ட மன்றமும் தன் எல்லைக்குள் உள்ள பொதுப்பாதைகளை அளந்து ஓர் உறுதி வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்று கட்டளையிட்டது. அந்த வரைபடத்தில் ஏறிய பாதைக்கு அதுவே முடிவான சான்று. நிலம் எத்தனை கை மாறினாலும் பாதை மாறாது. 1968-இல், நீல அம்பு கொண்ட குதிரைப்பாதைகளில் சைக்கிளும் போகலாம் என்று இன்னொரு சட்டம் சொல்லிற்று. நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள் வழிவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சைக்கிளுக்காகப் பாதையைச் செப்பனிடும் கடமை மன்றத்துக்கு இல்லை என்பதையும் அதே சட்டம் தெளிவாக்கியது. பணம் இல்லை என்று சொல்லும் நம் அலுவலகங்கள் இந்த ஒரு வரியைக் கவனிக்க வேண்டும். உழவுக்காகப் பாதையைக் கலைத்த விவசாயி 14 நாட்களுக்குள் அதைப் பழையபடி நடக்கத் தக்கதாக ஆக்கித் தர வேண்டும். 20 ஆண்டுகள் மக்கள் தடையின்றிப் பயன்படுத்திய வழியைப் பொதுப்பாதையாக வரைபடத்தில் சேர்க்கும்படி எவரும் மன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

அங்கேயும் குறை உண்டு. இங்கிலாந்தில் சுமார் 1,88,000 கிலோமீட்டர் பொதுப்பாதை இருந்தும், அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில்தான் சைக்கிளுக்கு உரிமை. நீல அம்பை நம்பிப் போனால் ஊர் எல்லையில் அது திடீரென மஞ்சளாக மாறி, சைக்கிளோடு திரும்பி வர நேர்ந்ததும் உண்டு. வேலியில் இருக்கும் முட்செடிகளைக் கத்தரித்த பருவத்தில் முள் டயரில் ஏறாத நாள் இல்லை. ஆனால் பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதில் யார் போகலாம் என்பதில் மட்டும் எனக்கு ஒரு நாளும் ஐயம் வந்ததில்லை.

இனி நம் சீமைக்கு வருகிறேன். 66 அடி நீளமும் லிங்க் என்னும் 100 கண்ணிகளும் கொண்ட கன்டர் சங்கிலி என்ற நில அளவைச் சங்கிலி 1620-ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் உருவானது. அந்த நாட்டு வயல்களை அளந்த அதே சங்கிலிதான் கடல் கடந்து வந்து நம் வயல்களையும் அளந்தது. ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் அளவையும் காட்டும் நம் கிராமங்களின் பழைய புலப்படங்கள் இன்றும் லிங்க் கணக்கில்தான் இருக்கின்றன. அந்தப் படங்களில் வண்டிப்பாதையை இரட்டைக் கோடாகவும், நடைபாதையை ஒற்றைக் கோடாகவும் விட்டுவிட்டு வரைந்திருப்போம். ஆகவே இங்கிலாந்து 1949-க்குப் பிறகு புதிதாகச் செய்த வேலையில் பெரும்பகுதி நம்மிடம் அதற்கு முன்பே செய்யப்பட்டு, தாலுகா அலுவலகப் பெட்டிகளில் இருக்கிறது என்று நான் துணிந்து சொல்வேன்.

இதில் பொதுமக்கள் அறிய வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. சில வண்டிப்பாதைகளுக்குத் தனிச் சர்வே எண்ணோ உட்பிரிவோ இருக்கும். கிராமத்தின் நில விவரங்களைச் சொல்லும் 'அ' பதிவேட்டில் அவை வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று எழுதப்பட்டிருக்கும். அவற்றை வளைத்தால் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றலாம். வேறு சில பாதைகள் பட்டா நிலத்தின் ஊடே போகும். படத்தில் கோடு இருக்கும், தனி எண் இருக்காது. ஊரார் தலைமுறை தலைமுறையாக வண்டி ஓட்டிய பாதை என்றாலும், நிலத்தை வாங்கியவர் பட்டாவைக் காட்டி அடைத்துவிட்டால், 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் கீழ் 20 ஆண்டு அனுபவத்தைக் காட்டி அவரவர் உரிமையியல் நீதிமன்றத்தில்தான் நிறுவ வேண்டியிருக்கிறது. அங்கும் 20 ஆண்டு, இங்கும் 20 ஆண்டு. அங்கே மன்றம் வரைபடத்தில் ஏற்றி எல்லோருக்குமாகக் காக்கிறது. இங்கே ஒரு விதவைத் தாயோ ஒரு குத்தகை விவசாயியோ தனியாக வக்கீலைத் தேட வேண்டும்.

நானே அளந்து கல் நட்ட ஒரு கிராமத்தைப் பற்றிச் சொல்கிறேன்; ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊரிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கூடம் இருக்கும் ஊருக்கு வண்டிப்பாதை வழியே 3 கிலோமீட்டர். தார்ச்சாலை வழியே சுற்றினால் 8 கிலோமீட்டர். படத்தில் பாதையின் அகலம் 20 லிங்க், அதாவது ஏறக்குறைய 13 அடி. பழைய பழக்கத்தில் அண்மையில் அந்தப் பக்கம் போனேன். இரு பக்கத்து நிலக்காரர்களும் ஆண்டுக்கு ஒரு கொழு அகலம் உழுது உழுது பாதையை ஒற்றையடித் தடமாக்கியிருந்தார்கள். உடைமரங்கள் நின்ற வளைவுக்கு அப்பால் அதுவும் இல்லை. கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்திருந்தது. நான் நட்ட சர்வே கல், தலையில் கொத்திய குறி மேலே தெரிய, பம்புசெட் தொட்டிக்குப் படிக்கல்லாகக் கிடந்தது. அந்த ஊரின் பிளஸ் ஒன் மாணவிகளுக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் கொடுத்திருக்கிறது. அவர்கள் அதை ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகளுக்குப் பக்கத்தில், தார்ச்சாலையின் ஓரத்து மண் சரிவில் ஓட்டிக்கொண்டு போவதை அன்று மாலை பார்த்தேன். ஒரு பெண் லாரியின் ஹார்ன் சத்தத்தில் சைக்கிளைச் சரிவில் இறக்கிக் காலை ஊன்றி நின்றாள். லாரி போன பிறகும் சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டுத்தான் மறுபடி ஏறினாள். சைக்கிளைக் கொடுத்த அரசுக்கு அதை ஓட்டும் பாதையைக் காக்கும் பொறுப்பும் உண்டு.

கட்டுரையைப் படித்துவிட்டு நம் ஊரில் இப்படி எங்கே ஓட்டலாம் என்று கேட்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களின் கரைகளைப் பாருங்கள். கன்னடியன் கால்வாய் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று வயல்களுக்கும் பொத்தை என்னும் சிறு குன்றுகளுக்கும் நடுவே வளைந்து வருகிறது. கோடகன் கால்வாய் அரியநாயகிபுரத்திலிருந்து ஆற்றுக்கு வடகரையில் ஓடுகிறது. மணிமுத்தாற்றின் பிரதானக் கால்வாய் நாங்குநேரிப் பக்கம் வரை போகிறது. கரைகளில் நடப்பதற்கும் மராமத்து வண்டி போவதற்கும் ஏற்கெனவே தடம் உண்டு. பல இடங்களில் மேற்கே பொதிகை மலை கூடவே வரும். தை, மாசி, பங்குனிக் காலை நேரம் இதற்கு ஏற்றது. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வள்ளியூர், ராதாபுரம் பக்கத்தில் சைக்கிளை ஆளோடு சாய்க்கும். ஐப்பசி மழையில் மானூர்க் கரிசல் டயரில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுற்றவிடாது. நெருஞ்சிக்கும் சீமைக்கருவேல முள்ளுக்கும் தப்பிய டயர் இல்லை. பஞ்சர் ஒட்டும் சாமானும் பம்பும் இல்லாமல் போகக் கூடாது. களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் பாதை கேட்பவன் நான் அல்லன். அது காட்டு உயிர்களின் இடம். அடிவாரத்தில் நின்று பார்ப்பதே நமக்குப் போதும்.

விவசாயிகள் ஏன் பாதையை அடைக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பாதை திறந்திருந்தால் இரவில் மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போகிறார்கள். குப்பை லாரி வந்து கொட்டுகிறது. மண் அள்ளும் வண்டி வரப்பை உடைக்கிறது. குடித்துவிட்டு பாட்டிலை வயலில் எறிகிறார்கள். அது உண்மையான துயரம். பாட்டில் ஓடு குத்திய காலோடு நாற்று நட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து பாதையை விழுங்குவது அன்று. எந்தப் பாதையில் எந்த வண்டி போகலாம், எது கூடாது என்பதை அங்கே அம்பின் நிறம் சொல்வது போல, இங்கே கிராம சபை தீர்மானித்துக் கல்லில் எழுதி நடட்டும். மாட்டுவண்டி, உழவு டிராக்டர், சைக்கிள், நடப்பவர் என்று எழுதிய பாதையில் டிப்பர் வந்தால், தடுக்க நிலக்காரருக்கும் அந்தக் கல் துணை நிற்கும்.

நான் கேட்பது புதிய திட்டம் அன்று. ஆண்டுதோறும் ஒவ்வொரு தாலுகாவிலும் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகள் அங்கே தணிக்கைக்கு வருகின்றன. ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலரும் தம் கிராமத்தின் வண்டிப்பாதைகளை நேரில் நடந்து பார்த்து, எது திறந்திருக்கிறது, எது எந்தச் சர்வே எண்ணில் அடைபட்டிருக்கிறது என்று ஒரு பட்டியலை அந்தக் கணக்குகளோடு வைக்கும்படி மாவட்ட ஆட்சியர் ஓர் உத்தரவிட்டால் போதும். புலப்படங்கள் ஏற்கெனவே இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. ஒவ்வொரு எண்ணாகத் தேடாமல், வண்டிப்பாதைகளை மட்டும் கிராம வரைபடத்தின் மேல் ஒரு நிறத்தில் காட்டினால் எவரும் படித்துக்கொள்வார்கள். தனி எண் இல்லாத பாதைகளை நிலக்காரரையும் ஊராரையும் ஒரே நாளில் உட்காரவைத்து விசாரித்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அவற்றில் தார் போட வேண்டாம். தார் போட்ட மறு மாதமே லாரி வந்துவிடும்; மாட்டுக் குளம்புக்கும் நடப்பவர் காலுக்கும் மண்தான் நல்லது, சைக்கிளுக்கும் அது போதும்.

ஆட்கள் இல்லை என்ற பதில் வரும் என்று அறிவேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற அளவர்கள் பாளையங்கோட்டையிலும் டவுனிலும் அம்பாசமுத்திரத்திலும் இருக்கிறார்கள். காலையில் நடக்கப் போகும் நேரத்தில் ஒரு கிராமத்தின் பாதைகளை அவர்களால் நடந்து பார்த்துவிட முடியும். ஜமாபந்திக்கு முன் எந்தக் கிராமத்துப் படத்தோடு எங்களை அழைத்தாலும், கூலியோ பயணப்படியோ கேட்காமல் வந்து, காணாமல் போன கல் நின்ற இடத்தைக் காட்டித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவர்,
பாளையங்கோட்டை.